சின்னம்மா தேத்தண்ணி குடிக்காத நாட்கள்

“வேலியிலை நிக்கிற முருங்கையிலையை இடிச்சு விக்கவோ உன்னைக் கம்பசுக்கு அனுப்பினது?” என்று சின்னம்மா கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். அதுவும் விஞ்ஞானப் பட்டதாரி. பதிலைச் செய்து காட்ட நினைத்தேன். நிழலில் உலர்த்தி அரைத்த என் பொடியை விற்றுத்தரப் பரந்தனில் ஒரு கடைக்காரர் சம்மதித்திருந்தார். பொதியில் ‘உடனடிச் சுறுசுறுப்பு’ என்று போட்டால்தான் விலைப்படும் என்றார். போடலாமா என்று அறிய, சின்னம்மாவிலேயே பரீட்சித்துப் பார்த்தேன்.

அவர் கச்சான் கடலைத் தோட்டத்துக்குக் களை பிடுங்கப் போகிறவர். விடிந்ததும் வெறுவயிற்றில் பால் விடாத, சாயம் கூடிய பிளேன்ரீ வேண்டும். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்பார். பின்னேரமும் அப்படித்தான்.

“தேத்தண்ணிக்குப் பதிலா இதைச் சுடுதண்ணியிலை கரைச்சுக் குடியுங்கோ, சின்னம்மா.”

“ஆட்டுக்குப் போடுறதை எனக்குத் தாறாய். சரி, கொண்டா.”

ஒரு நாள் தாக்குப்பிடித்தார். அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன்பே தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து திரும்பிவிட்டார்.

“தலை வெடிக்குது. கொட்டாவி விட்டு விட்டு வாயும் நோகுது. ஆரடி உனக்கு இதைப் படிப்பிச்சது?”

அம்மா சிரித்தார். பொடி பழுதோ என்று நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் தேநீர் பழகாதவள். அப்போதுதான் விளங்கியது: தலையிடி பொடியைக் குடித்ததால் வரவில்லை, தேநீரை விட்டதால் வந்தது. காலங்காலமாகக் கஃபீனுக்குப் பழகிய உடம்பு அது.

தேத்தண்ணியைத் திருப்பிக் கொடுத்தேன். பொடியை மத்தியானம் தேங்காய்ப்பால் சொதியிலும், தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய வறையிலும் போட்டேன். தலையிடி போனது, பழைய வேகம் வந்தது.

“பொடி வேலை செய்யுது,” என்றார் அம்மா.

எனக்கும் அப்படிச் சொல்லத்தான் ஆசை. ஆனால் அடுத்த கிழமை பொடியை நிறுத்திப் பார்த்தேன். வேகம் குறையவேயில்லை.

“அப்ப கெட்டித்தனம் தேயிலையின்ரையோ?” என்று கேட்டார் சின்னம்மா.

“ஓம்.”

“உன்ரை பொடி என்னத்துக்கு?”

“சோத்தோடை சாப்பிட. அது கீரைதானே, சின்னம்மா.”

“இதைத்தானே நான் முதலே சொன்னனான்!”

கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, ‘உடனடிச் சுறுசுறுப்பு’ பொதியில் வராது என்றேன்.

“அப்ப விக்காது, தங்கச்சி.”

“விக்கிறளவு விக்கட்டும், அண்ணை.”

இன்று காலைப் பஸ்ஸில் முதற்பெட்டியைப் பரந்தனுக்கு ஏற்றிவிட்டேன். பொதியில் இருப்பது இவ்வளவுதான்: முருங்கையிலைப் பொடி. சொதிக்கும் வறைக்கும்.