மாடு தேர்ந்தெடுத்த பீர்

வில்லியனூர் பக்கம் ஒரு சின்ன பீர் ஆலையில் எனக்கு வேலை. கோதுமை பீர் ஜெர்மனியில் பிறந்தது, கறுப்பு பீர் அயர்லாந்தில் வளர்ந்தது என்று ஆலையைச் சுற்றிப் பார்த்து ருசிக்க வருகிறவர்களுக்குத் தொண்டைத்தண்ணி வற்றச் சொல்லுவேன். ஒருத்தனும் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டான்.

அன்றைக்கும் எட்டுப் பேர் முன்னால் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். பீர் வடித்த தானியச் சக்கையை மாட்டுத் தீனிக்கு அள்ளிப்போக வந்த பால்கார அக்கா குறுக்கே புகுந்தார்.

"நீ இன்னா வேணா சொல்லிக்கோபா, அந்தக் கறுப்பு பீர் சக்கை மட்டும் இனிமே வேணாம். மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது. கோதுமைன்னா தொட்டியையே நக்குது."

எல்லாத் தலையும் நிமிர்ந்தது. எட்டுப் பேரும் கோதுமை பீரே கேட்டார்கள்.

இப்போது நான் ஜெர்மனியைப் பற்றிப் பேசுவதே இல்லை. மாட்டின் அபிப்பிராயத்தை மட்டும் சொல்கிறேன்.