நூற்று முப்பத்து மூன்று நாள்

டெல்ஃபியா கோகரைப் பற்றி எவனாவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இருபத்தேழு வருடம் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளை என் மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி இறக்கியவன் நான். எங்கள் மேற்கு வர்ஜீனியா மலைப் பக்கத்தில் பின்னக் கணக்கு தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள்தான்.

ஆசிரியர் அறைச் சுவரில் மாநிலத்தின் சம்பள அட்டவணையை ஒட்டி வைத்திருந்தாள். மேலிருந்து கீழே வேலை பார்த்த வருடங்கள், குறுக்கே பட்டங்கள். இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் சம்பளம். கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகம், அதற்கு மேல் சேர்க்கலாம், குறைக்க முடியாது. அவள் அம்மா வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையில் மேஸ்திரியிடம் பல்லிளித்தவர்களுக்குத்தான் கூலி ஏறுமாம்.

"இந்தத் தாளுக்கு யார் மூஞ்சியும் தெரியாது, வெர்னல். அதான் எனக்கு இதைப் பிடிக்குது" என்பாள்.

கடைசியில் ஓய்வு பெறுகிற வருடம் பார்த்து அந்தத் தாளே அவள் காலை வாரியது. கல்வி அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ட்ரீனா பழைய கோப்புகளைச் சரிபார்த்தாள். வெள்ளம் வந்த வருடத்தில் டெல்ஃபியாவுக்கு நூற்று முப்பத்தோரு வேலை நாள்தான் பதிவாகியிருந்தது. நூற்று முப்பத்து மூன்று இருந்தால்தான் அது ஒரு வருடம். அவளுடைய இருபத்தேழு வருட சர்வீஸ் இருபத்தாறாகிவிட்டது. ஓய்வூதியமும் அதோடு குறையும். ஆற்று வெள்ளம் பள்ளிக்குள் புகுந்தபோது பாப்டிஸ்ட் சர்ச்சின் அடித்தளத்தில் பாடம் நடத்தினவள் அவள். கட்டடம் மூடியிருந்ததால் அந்த நாட்களில் பள்ளியும் மூடல் என்று எழுதிவைத்திருந்தார்கள், புத்திசாலிகள்!

அந்த அலுவலகத்தின் தலைவரான கண்காணிப்பாளர் ஹார்ப்பர் டெல்ஃபியாவைக் கூப்பிட்டார்.

"விடுங்க டீச்சர். நானே கையெழுத்துப் போட்டுச் சரி பண்ணிடறேன். உங்களுக்குப் பண்ணாம யாருக்குப் பண்ணப்போறேன்?"

"எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் வேலை செஞ்சேனா இல்லையான்னு மட்டும் பாருங்க."

"ரெண்டே நாள்தானே, ஏன் இவ்வளவு பிடிவாதம்?"

"ரெண்டு நாள்தான். ஆனா நான் நின்னு பாடம் நடத்தின நாள்."

வெளியே வண்டியில் காத்திருந்த என்னிடம் அதைச் சொன்னாள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"உனக்கென்ன பைத்தியமா? வலிய வர்றதை யாராவது வேண்டாம்பாங்களா?"

"நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா. இவருக்கு அவளைப் பிடிக்கலேன்னா?"

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வீடு திரும்பும் வழியில்தான் சட்டென்று பொறி தட்டியது. பஸ் ஓட்டுகிறவன் தினமும் எங்கே, எத்தனை பிள்ளைகளை இறக்கினான் என்று சீட்டு எழுத வேண்டும். இறக்கிய இடத்தில் ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். அதன் நகலை மற்ற ஓட்டுநர்கள் தூக்கி எறிவார்கள். நான் எதையுமே எறிவதில்லை.

"குப்பைக்குன்னே பொறந்தவன்யா நீ" என்று என் மனைவி பழிக்காத நாள் கிடையாது. மறுநாள் டெல்ஃபியாவையும் கூட்டிக்கொண்டு, அந்தக் குப்பையைத்தான் தீவனச் சாக்கோடு கொண்டுபோய் ட்ரீனாவின் மேசையில் கொட்டினேன்.

ட்ரீனா வெள்ளம் வந்த வருடத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "மார்ச் நாலு, பாப்டிஸ்ட் சர்ச், பதினோரு பேர். அஞ்சு, பதினோரு பேர். ஆறு, ஒம்பது பேர்." மூன்றிலும் டெல்ஃபியாவின் கையெழுத்து.

"நூத்தி முப்பத்து நாலு வருதே டீச்சர்! ஒரு நாள் கூடுதலா இருக்கு."

"அது ஸ்டேட்டுக்கு என் நன்கொடைன்னு வெச்சுக்கோ."

சத்தம் கேட்டு ஹார்ப்பர் எட்டிப் பார்த்தார். "நான்தான் நேத்தே கையெழுத்துப் போடறேன்னேனே!"

டெல்ஃபியா மூன்று சீட்டுகளையும் அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்போ போடுங்க" என்றாள்.