ரயில் மிட்டாய் இல்லாத அமாவாசை

கம்பைநல்லூர்ப் பக்கம் புளி தட்டுகிற கொட்டகையில் கண்ணம்மாளைப் போலக் கை ஓடுகிறவள் கிடையாது. வாயும் அப்படித்தான் ஓடும். மேஸ்திரியையே பேச்சில் மடக்கி உட்கார வைத்துவிடுவாள். ஆடி பிறந்தால் மட்டும் அந்த வாய் அடைத்துப்போகும். கூட வேலை செய்கிற பெண்களுக்குக் காரணம் தெரியும், கேட்க மாட்டார்கள்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் ஒரே மகன் அன்பு எட்டு வயதில் டைபாய்டு வந்து இறந்துபோனான். தருமபுரி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ரயில் மிட்டாய். பச்சைத் தாளில் ரயில் படம் போட்டு, சுக்கும் சீரகமும் லேசாக உறைக்கிற சின்ன மிட்டாய். கஞ்சி தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்ணம்மாள் ஒன்றை வாங்கி அவன் பார்க்கவே முந்தானையில் முடிந்தாள். "நல்லானதும் தர்றேன் கண்ணு" என்றாள். பிள்ளை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அதை அவிழ்க்க நேரம் வரவேயில்லை. கொடுத்திருக்கலாமே என்ற நினைப்பு இன்றைக்கும் அவளைத் தின்கிறது.

ஆடி அமாவாசை அன்று, செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். மாமனாருக்குச் சுருட்டு, மாமியாருக்கு வெற்றிலை பாக்கு, அன்புக்கு ரயில் மிட்டாய். "அன்பு, மிட்டாய் வெச்சிருக்கறன், வாடா" என்று கண்ணம்மாள்தான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கை வருடத்துக்கு ஒருநாள் இப்படித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வருடத்துக்கு முன்னால், கடத்தூரில் கடை வைத்திருக்கும் நூர் பாஷா அவளிடம் ஒரு ரயில் மிட்டாய் பாக்கெட்டை நீட்டினார்.

"அக்கா, கம்பெனிய மூடிட்டாங்க. இதான் கடைசி. வெச்சுக்கங்க."

கம்பெனிக்காரன் நாசமாய்ப் போக என்று கண்ணம்மாள் அங்கேயே நின்று திட்டினாள். நாசமாய்ப் போனதால்தான் அவனும் மூடியிருப்பான், பாவம். பாக்கெட்டில் முப்பது மிட்டாய் இருந்தது. வருடத்துக்கு ஒன்று வைத்தால் தன் ஆயுசுக்கும் போதும் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

போன வருடம் மிட்டாய் போட்டு வைத்திருந்த டப்பாவில் எறும்பு ஏறப் பார்த்தது. மிட்டாய்களை எடுத்துத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்து, மேலே நாலு பாச்சா உருண்டை போட்டு மூடினாள். இனி எந்த எறும்பு வரும் பார்க்கலாம் என்று தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

இந்த ஆடி அமாவாசை காலையில் பெட்டியைத் திறந்தாள். வாடை ஒரு மாதிரி இருக்கவே, ஒன்றைப் பிரித்து நுனி நாக்கில் வைத்ததும் துப்பினாள். இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. சுக்குமில்லை, சீரகமுமில்லை. எல்லாவற்றிலும் பாச்சா உருண்டைதான் ஏறியிருந்தது.

புருஷன் மாதையன் வந்து எட்டிப் பார்த்தார். "ஒன்ன எடுத்து இலையில வையி. அவன் என்ன நெசமாவா திங்கப் போறான்?"

"வெசங்க இது. வயிறு புண்ணாப்போன புள்ளைக்கு வெசத்த வெக்கச் சொல்றீங்களா?"

செத்துப்போன பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும் என்று பயந்தாள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவள் மிட்டாய்களைத் துணியோடு சுற்றித் தள்ளி வைத்தாள்.

மாதையன் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு சாக்லேட் வாங்கி வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இது என்னன்னே அவனுக்குத் தெரியாதுங்க."

அவருக்கு எரிச்சல் வந்தது. "இருந்திருந்தா அவனுக்கு இப்ப முப்பத்தேழு வயசு. மிட்டாயா கேப்பான்?"

கண்ணம்மாள் யோசித்துப் பார்த்தாள். முப்பத்தேழு வயது அன்பு என்ன கேட்பான்? பரோட்டாவா, பிரியாணியா? காப்பி குடிப்பானா, டீயா? பெற்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது எட்டு வயதுப் பையனை. அவன் கேட்டதும் அந்த ஒன்றைத்தான்.

சோறு, சாம்பார், வடை, பாயசம் எல்லாம் இலைக்கு வந்தன. மிட்டாய் வைக்கிற இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. சூடம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வாசலில் நின்றார்கள். மாதையன் அப்பனைக் கூப்பிட்டார், ஆத்தாளைக் கூப்பிட்டார். அடுத்தது கண்ணம்மாள் கூப்பிட வேண்டும். எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்? வந்து கேட்டால் என்ன சொல்லுவாள்? நல்லானதும் தர்றேன் என்று இரண்டாவது தடவை சொல்ல முடியுமா?

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வராமல் இருக்கப் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அன்பு."

கூப்பிட்டது மாதையன். பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து தோளில் தூக்கி வந்த நாளுக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததேயில்லை. கண்ணம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மூடின கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்பு, மிட்டாய் இல்லடா சாமி. உங்கம்மா காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நீ வந்து ரெண்டு வாய் சோறு தின்னுட்டுப் போடா. அப்பத்தான் அவளும் திம்பா."