பொன்விழாத் தட்டு

அந்த ஆல்பத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்துக்காரர்கள் நான்கு பேர் ஐம்பது வருடங்களுக்கு முன்னால் போட்ட ராக் ஆல்பம். கல்லூரியில் படித்தபோது ஒரு நண்பன் வீட்டில் அதைக் கேட்டுத்தான் பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையே எனக்கு வந்தது. இன்று அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

சென்னையில் பல வருடங்கள் ஸ்டுடியோக்களில் வாசித்தேன். பேஸ் வாசிப்பவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். அவன் இல்லாவிட்டால் பாட்டில் ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றும். பிறகு அந்தக் குறையைக் கம்ப்யூட்டரே நிரப்பத் தொடங்கியது. கூப்பிடுகிறவர்கள் குறைந்து, ஒரு கட்டத்தில் நானே கூப்பிட்டு விசாரிக்கிறவனாக ஆனேன். அந்த நேரத்தில்தான் சிங்கப்பூரில் ஒரு பாரில் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. "போயிட்டு வா, இங்க உட்கார்ந்து ஃபோனையே பார்த்துட்டு இருக்கறதுக்கு அது மேல்" என்றாள்.

பார் ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் குழாய்களும் திருகாணிகளும் விற்கும் ஹார்ட்வேர் கடை, மறுபக்கம் சின்ன ஹோட்டல். மாடியில் எனக்கும் கிட்டார் வாசிக்கும் பிலிப்பினோவுக்கும் சேர்த்து ஒரு அறை. டிரம்ஸ் வாசிப்பவர் உள்ளூர் மலாய்க்காரர், பாடுகிறவர் உள்ளூர்த் தமிழ்ப் பெண். அவர்கள் இருவரும் வீட்டிலிருந்து வந்து போவார்கள். எங்கள் இருவரின் வேலை பெர்மிட்டிலும் அந்தப் பாரின் பெயர் இருந்தது. வேறு எங்கேயும் வாசிக்கக் கூடாது. படுக்கையிலிருந்து மேடைக்கு ஒரே ஒரு மாடிப்படி. வந்த புதிதில் அது எவ்வளவு வசதி என்று வீட்டுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி அறுபது வயதைத் தாண்டிய தமிழர். இங்கேயே பிறந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் இந்தப் பாரைத் தொடங்கியவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். என்னைத் தம்பி என்பார். பேச்சின் முடிவில் இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்ப்பார். ஆரம்பத்தில் யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் வாசித்தோம். பழைய ராக், தமிழ்ப் பாட்டு, மலாய்ப் பாட்டு, ஒருமுறை பிறந்தநாள் கொண்டாட வந்த சீனக் குடும்பத்துக்காக அவர்களே கைபேசியில் போட்டுக் காட்டிய பாட்டு. நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பெட்டி வந்தது.

ஒரு மத்தியானம் ஒத்திகைக்கு இறங்கி வந்தபோது, முதலாளி கவுண்டரில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதாம் ஆண்டுக்காக அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். உள்ளே எல்பி இசைத்தட்டு, கெட்டி அட்டைப் படப் புத்தகம், போஸ்டர், அதோடு ஸ்டுடியோவில் பதிவுசெய்தபோது ஒதுக்கிவைத்தவற்றைச் சேர்த்து இன்னொரு தட்டு.

"தம்பி, இங்க வா. அம்பது வருஷம் லா. எப்படிப் போட்டிருக்கான் பாரு."

அட்டையைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். தட்டைச் சுழலவிட்டு முழுவதையும் கேட்டோம். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வர்ற வெள்ளிக்கிழமையிலேருந்து நாம இதான் வாசிக்கிறோம். முதல் பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், வரிசை மாறாம, தட்டுல இருக்கற மாதிரியே. ஏழு மணிக்கு ஒரு தரம், அப்புறம் பிரேக் விட்டு இன்னொரு தரம்."

"எவ்வளவு நாளைக்கு, பாஸ்?"

"பொன்விழா வருஷம் முடியற வரைக்கும்."

நான் சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை. எனக்குப் பிடித்த ஆல்பம், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகள். முதல் சில வாரங்கள் கூட்டம் அலைமோதியது. ஓய்வுபெற்றவர்கள் மனைவியோடு வந்தார்கள், சிலர் பேரப்பிள்ளைகளைக்கூட அழைத்து வந்து "இதுதான் நாங்க கேட்ட பாட்டு" என்று காட்டினார்கள். கைதட்டல் ஓய நேரமாகும்.

நான்காவது பாட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அது நீளமான பாட்டு. மற்ற மூவருக்கும் அதில் வேலை இருக்கிறது, கிட்டார் அழும், டிரம்ஸ் ஓய்ந்து ஓய்ந்து எழும். பேஸுக்கு மட்டும் எட்டே சுரங்கள். தொடங்கியதிலிருந்து முடியும்வரை அதே எட்டு. தட்டில் கேட்கும்போது அந்த எட்டுதான் பாட்டுக்கே உயிர். நின்றுகொண்டு தினமும் இருமுறை வாசித்தால் என்ன ஆகும் என்று எந்தத் தட்டும் சொல்வதில்லை. ஒருநாள் இடையில் சின்னதாக ஒரு நெளிவு சேர்த்துப் பார்த்தேன். முன்மேசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த முதலாளி, கண்ணைத் திறக்காமலே ஆள்காட்டி விரலை உயர்த்தினார். அவ்வளவுதான். நான் எட்டுக்குள் திரும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. சிராங்கூன் சாலைவரை நடந்துபோய்ச் சாப்பிடுவேன். நகைக்கடை வாசல்களைத் தாண்டி, பூக்கடை ஓரமாக, கோவிலுக்குள் கொஞ்ச நேரம் உட்காருவேன். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள், என் கால் கட்டைவிரல் தரையில் அந்த எட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் கதவு மூடும் சத்தம், ஹார்ட்வேர் கடையில் இரும்பு அறுக்கும் சத்தம், எல்லாம் அந்தப் பாட்டின் தொடக்கம்போலவே காதில் விழுந்தது. ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கு அதில் ஒரு மாடி அறையும் ஒரு மேடையும்தான்.

"வேலை எப்படிப் போகுது?" என்று மனைவி ஃபோனில் கேட்பாள்.

"போகுது."

"அதே பாட்டா?"

"அதே பாட்டு."

"ஏழாம் வகுப்புக்கு நான் பத்து வருஷமா அதே பாடத்தத்தான் நடத்துறேன்" என்றாள் ஒருநாள்.

கூட்டம் மெல்லக் குறைந்தது. ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வரவில்லை. பக்கத்து ஹோட்டலில் தங்கும் சுற்றுலாப் பயணிகள் சிலர் எட்டிப் பார்த்து, ஒரு பீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் சுற்று முடிந்ததும் பாடகி மேடையிலிருந்து இறங்கி, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். முப்பது வயதுப் பெண், பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்.

"அங்கிள், இன்னைக்கு செகண்ட் ஷோ முடிச்சிட்டு நான் நிப்பாட்டிக்கிறேன். ஐ ரியலி கான்ட். எனக்குப் போதும் லா" என்று முதலாளியிடம் சொன்னார். கோபமெல்லாம் இல்லை. சொன்னதுபோலவே இரண்டாவது சுற்றைப் பாடி முடித்துவிட்டு, வாசலில் என்னிடம் வந்தார்.

"அண்ணா, நீங்க எப்படி சமாளிக்கிறீங்க?"

"நான் எங்க போறது?" என்றேன்.

அவருக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. பிறகு முகம் மாறி, "சாரி ண்ணா" என்று என் கையைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் சாலையைக் கடந்து எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போதும் என்று ஒருவர் சொல்ல முடிகிறது, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக முடிகிறது. பொறாமையாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மைக்கின் முன்னால் முதலாளியே வந்து நின்றார்.

ஒத்திகையில்தான் தன் பழைய கதையைச் சொன்னார். அந்த ஆல்பம் வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. பள்ளி நண்பர்களோடு ஒரு குழு வைத்திருந்தார். தோள்வரை முடி. "அப்பெல்லாம் முடி நீளமா இருந்தா கவர்மெண்ட் ஆபீஸ்ல கடைசியாத்தான் கவனிப்பான். போஸ்டரே ஒட்டியிருப்பான் லா. நான் வெட்டல. அப்புறம் நேஷனல் சர்வீஸ்னு பட்டாளத்துக்குக் கூப்பிட்டான், போன அன்னைக்கே மொட்டை. திரும்பி வந்தா குழுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. துறைமுகத்துல வேலை கெடச்சுச்சு, போயிட்டேன்." இதைச் சொல்லும்போது தலையைத் தடவிக்கொண்டார். இப்போது அங்கே தடவ அதிகம் இல்லை.

அவருடைய குரல் கீழே இருக்கும்வரை நன்றாகவே இருந்தது. மேலே போகும்போது உடைந்தது. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் ஏறிப் பார்ப்பார். கேட்கிறவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொள்வார்கள். வெறுமனே சலித்துக்கொண்டிருந்த எனக்கு இப்போது அவர்மேல் பரிதாபமும் சேர்ந்துகொண்டது. சலிப்பைவிட அதுதான் கனமாக இருந்தது. ஒரு மனிதர் ஐம்பது வருடம் காத்திருந்து பாடும்போது, முடியாது என்று நான் எப்படிச் சொல்வது?

ஒருநாள் மத்தியானம் அவர் மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தார். ஏர்கான் சரிபார்க்க ஆள் வருவான் என்று என்னைக் கீழே இருக்கச் சொல்லியிருந்தார். ஆள் வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பெட்டியிலிருந்து அந்த இன்னொரு தட்டை எடுத்தேன். மேலுறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. போட்டுக் கேட்டேன்.

நான்காவது பாட்டின் முதல் முயற்சி அதில் இருந்தது. பேஸ் எட்டு சுரங்களில் நிற்கவே இல்லை. மேலே ஏறி, இறங்கி, எங்கெங்கோ சுற்றித் திரிந்து வந்தது. பாதியில் யாரோ பாட்டை நிறுத்துகிறார்கள். குறைத்து வாசி, ஒரே மாதிரி வாசி என்று ஒரு குரல் சொல்கிறது. இன்னொரு குரல் முனகுகிறது. அது பேஸ் வாசித்தவராகத்தான் இருக்க வேண்டும். அதன்பிறகு, எட்டு சுரங்கள்.

ஏர்கான்காரன் ஏணியிலிருந்து, "என்னண்ணே சிரிக்கிறீங்க?" என்றான். சிரித்தேனா என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை நான்காவது பாட்டில் அந்த முதல் முயற்சியில் கேட்டதை வாசித்தேன். முதலாளி பாடிக்கொண்டே விரலை உயர்த்தினார். நான் திரும்பவும் எட்டுக்குள் போகப் பார்த்தேன். கை போகவில்லை. கிட்டாரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

பாட்டு இடிந்து விழும் என்று நினைத்தேன். விழவில்லை. டிரம்ஸ்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலால் பெரிய டிரம்மின் பெடலைக் கொஞ்சம் அழுத்தி மிதித்தார். முன்மேசையில் ஒரு அம்மா விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்தது. எப்போதும் போலக் கைதட்டினார்கள். நான் நிறுத்தியதை அங்கே உட்கார்ந்திருந்த யாரும் கவனிக்கவில்லை. அத்தனை நாளும் என்னைக் கட்டிப் போட்டிருந்த பாட்டுக்கு நான் தேவையே இல்லை.

மறுநாள் காலை முதலாளி கதவைத் தட்டினார். "பசியாறிட்டியா? வா, போவோம்."

முக்குக் கடையில் தோசையும் டீயும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அவர் சுற்றி வளைக்கவில்லை.

"நேத்து ஏன் நிப்பாட்டுன?"

"கை ஓடல, பாஸ்."

"பொய் சொல்லாத லா."

"மூச்சு முட்டுது" என்றேன். "தூங்கறது அங்க, எழுந்திரிக்கறது அங்க, வாசிக்கறது அதே எட்டு. அந்தப் பொண்ணு போதும்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் போதும்னா ஏர்போர்ட்டுக்குத்தான் போகணும்."

"பெர்மிட்ட கேன்சல் பண்ணிடுவேன்னு பயமா?"

"இல்ல. நீங்க பண்ண மாட்டீங்க. அது தெரியறதுனாலதான் இன்னும் கஷ்டமா இருக்கு."

தோசையைப் பிட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தார். அந்த இன்னொரு தட்டைக் கேட்டேன் என்று சொன்னேன்.

"நானும் கேட்டேன். ஒரே தரம். அதுல அவனுங்க சாதாரண ஆளுங்க லா. தப்பு பண்றானுங்க, சண்டை போடறானுங்க. எனக்கு அது வேணாம். பதினேழு வயசுல எப்படிக் கேட்டேனோ அப்படியே இருக்கட்டும்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நீ கேக்கறதும் நியாயந்தான்" என்றார். பிறகு, "புதன்கிழமை எப்படியும் கூட்டம் இல்ல. அன்னைக்கு உனக்கு என்ன வேணுமோ வாசி. நான் பாடவும் மாட்டேன், விரலும் தூக்க மாட்டேன். மத்த நாளெல்லாம் என்னோடது."

"சனிக்கிழமை?"

"ஆசையப் பாரு" என்று சிரித்துவிட்டார்.

முதல் புதன்கிழமை மேடையில் நின்றபோது என்ன வாசிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பிலிப்பினோ நண்பன் என்னைப் பார்க்கிறான், டிரம்ஸ்காரர் பார்க்கிறார். எனக்குப் பிடித்தது எது என்று யோசித்தால் எதுவும் வரவில்லை. கடைசியில், முன்பு வாசித்த பழைய பாட்டுகள் நாலைந்தை ஒப்பேற்றிவிட்டு இறங்கினோம். அதன்பிறகுதான் பாடகிக்கு ஃபோன் செய்தேன். "வெட்னஸ்டே மட்டும்னா ஓகே ண்ணா" என்றார். ஆபீஸ் பையோடு நேரே வருவார். அவர் ஒரு பாட்டைத் தொடங்குவார், நாங்கள் பின்னாலேயே தேடிக்கொண்டு போவோம். தப்பாகப் போனால் சிரிப்போம். ஐந்தாறு பேர் கேட்பார்கள். முதலாளி தூரத்தில், கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருப்பார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், ஒருநாளும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்ற நாட்களில் எல்லாம் முன்புபோலத்தான். அவர் உச்சத்தில் ஏறுவார், உடைவார், நான் எட்டையும் வாசிப்பேன்.

ஒப்பந்தம் முடிய இருந்த மாதத்தில், இன்னும் ஒரு வருடம் இருக்கிறாயா என்று கேட்டார்.

"பொன்விழா வருஷம் முடிஞ்சிடுச்சே, பாஸ்" என்றேன்.

"இதுக்கு முடிஞ்சிருச்சு. இவனுங்களோட அடுத்த ஆல்பத்துக்கு அடுத்த வருஷம் அம்பது லா. பெட்டி ஆர்டர் பண்ணிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன். சென்னையில் யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அங்க சந்தோஷமா இருக்கியா?" என்றாள். "புதன்கிழமை இருக்கேன்" என்றேன். அவள் சிரித்தாள். "சரி, லீவு வாங்கிட்டு ஒரு தரம் வந்துட்டுப் போ" என்றாள்.

மறுநாள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலாளி என் தோளில் தட்டினார். பிலிப்பினோ நண்பன் ஏற்கெனவே போட்டிருந்தான். ஏழு மணிக்கு இருவரும் படியிறங்கிப் போனோம்.