சித்தப்பாவின் சூப்பும் தராசு முள்ளும்

உலகத்தில் இதுவரை கொதித்த தண்ணீரையெல்லாம் ஒரு தட்டிலும், எங்கள் சித்தப்பா வைக்கும் எலும்பு சூப்பை மறுதட்டிலும் வைத்தால் சூப் தட்டுதான் தரையைத் தொடும். ஒரு மடக்கு உள்ளே போனால் செத்த ஆடே எழுந்து வந்து தன் எலும்பைத் திருப்பிக் கேட்கும்.

சித்தப்பா தராசு பழுது பார்ப்பவர். கடைகளில் எடை இம்மி பிசகினாலும் சண்டைக்கு நிற்பதால் தெருவில் அவருக்கு 'கிராம்' என்று பெயர். பிள்ளையில்லாத வீடு. பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு வழியனுப்பியதிலிருந்து நானும் அங்கேதான்.

வயிற்றில் ஆபரேஷன் முடிந்து சித்தி வீட்டுக்கு வந்தபோது நாற்பத்தொரு கிலோ. நாற்பத்தைந்து ஆனால்தான் அடுத்த சிகிச்சையை உடம்பு தாங்கும், ஆறு வாரம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அன்றே சித்தப்பா கறிக்கடைக்குப் போனார்.

கால் எலும்பை உடைத்து வாங்கி, முதலில் கொதித்த தண்ணீரைக் கொட்டிவிடுவார். பிறகு புதுத் தண்ணீர், நசுக்கிய இஞ்சி, மிளகு, ஒரு கரண்டி வினிகர். வினிகர் விட்டால்தான் எலும்புக்குள் இருக்கும் சத்து இறங்குமாம். சிறு தீயில் எட்டு மணி நேரம், நுரையை எடுத்தபடி பக்கத்திலேயே நிற்பார். வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தது காலையில் ஜெல்லி மாதிரி ஆட வேண்டும். ஆடாவிட்டால் மறுபடியும் அடுப்பு. மூட்டுக்கு நல்லது, குடலுக்கு நல்லது, தெம்பு வரும் என்று அடுக்குவார். குடிக்கட்டும், ஆனால் இதை மட்டுமே நம்பாதீர்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த தடவை எலும்பு மட்டும் உள்ள ஆடாகப் பார்த்து வாங்கி வருகிறேன் என்று கறிக்கடைக்காரர் கேலி செய்தார்.

சித்திக்கு அந்த வாசனையே ஆகவில்லை. கஞ்சியே இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

"அவர் மொகத்தப் பாத்து வேணாம்னு சொல்ல முடியலடா," என்றாள் என்னிடம். "நீ குடிச்சிட்டு டம்ளரக் குடுத்துரு."

குடித்தேன். காலி டம்ளரைப் பார்த்ததும் மனிதர் விசிலடித்துக்கொண்டே அதைக் கழுவப் போவார்.

ஞாயிறுதோறும் சித்தப்பாவின் கடையிலிருந்து ஆள் ஏறி நிற்கும் பெரிய தராசு வந்து கூடத்தில் உட்காரும். சித்தியைத் தாங்கிப் பிடிப்பதுபோல் பின்னால் நின்று, பலகை ஓரத்தில் கால் கட்டைவிரலை ஊன்றினேன். நாற்பத்திரண்டு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வாத்தியாரை வகுப்பறையில் வைத்துப் பூட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? முள் ஏற ஏற அவர் நிமிர்ந்து சித்தியைப் பார்ப்பார், சித்தி சிரிப்பாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரித் தராசு முப்பத்தெட்டு என்றது. டாக்டர் ஃபைலை மூடினார். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சித்தியைப் படுக்க வைத்தோம். கூடத்தில் கிடந்த தராசைக் கடைக்குக் கொண்டுபோக ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் நானுமாகத் தூக்கினோம். தெருமுனை வந்தது.

"கால் வச்சா முள்ளு நடுங்கும்டா," என்றார், என்னைப் பார்க்காமல். "போன ஞாயித்துக்கிழமைதான் பாத்தேன். அப்பவே கேட்டிருப்பேன். அவ சிரிச்சிட்டிருந்தா."

என் கை வழுக்கியது. அவர் தராசைக் கீழே வைத்தார்.

"சூப்பக் குடிச்சதும் நீதான?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கண்ணாடியில உன் கன்னத்தப் போய்ப் பாரு," என்றார்.