மச்சானின் பேச்சும் ஈயத்தாளும்

ஹட்டன் கடைத்தெருவில் நானா என்று நாங்கள் கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளி ஒருவரின் புடவைக் கடை மூலையில் மேசை போட்டு ரேடியோ திருத்திக்கொண்டிருந்த காலத்தில், யார் புத்தி சொன்னாலும் நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். கையில் ஸ்குரூடிரைவர் இருந்தால் பெரிய தொரை என்ற நினைப்பு. அந்த நினைப்பை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இறக்கி வைத்தவர் என் அக்காவின் புருஷன்.

மச்சான் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்த வருஷம் தோட்டக் கமிட்டித் தலைவருக்கு நிற்கிறேன் என்று கிளம்பிவிட்டார். காரணம் நியாயமானதுதான். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளின் கூரை முழுக்க ஓட்டை. மழை வந்தால் அக்கா பிள்ளைகளைத் தூக்குவாளா, அரிசிப் பானையைத் தூக்குவாளா? பழைய தலைவர் தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் குனிந்துகொண்டே போவார், குனிந்துகொண்டே திரும்பி வருவார். நான் போய்த் தகரம் வாங்கி வருகிறேன் என்றார் மச்சான். ஒரே ஒரு இடைஞ்சல், நாலு பேர் முன்னால் நின்றால் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கூட்டத்தில் பேச்சைக் கேட்டுத்தான் சனங்கள் கை தூக்கும். வாயே திறக்காதவனுக்கு எவன் தூக்குவான்?

நானாவிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தொரையின் சாமான்களோடு வாங்கிப் போட்டது.

"பேச்ச இதுல பதிஞ்சிருவோம் மச்சான். கூட்டத்துல நீங்க வாய மட்டும் அசைங்க" என்றேன்.

"சரிப்பட்டு வருமா மாப்ள?"

"நான் இருக்கேன்ல."

கடை மூலையில் என்னைத் தவிர ஆளில்லை என்பதால் மச்சான் வெளுத்து வாங்கினார். எனக்கே கை தூக்கலாம் போலிருந்தது.

சிக்கல் நாடாவில் இருந்தது. நாடாவின் அகலத்தில் மேல் பாதியில் ஒரு பக்கத்துப் பேச்சு பதியும், திருப்பிப் போட்டால் மற்றப் பாதியில் மறுபக்கம். மறுபக்கத்தில் தீபாவளி வியாபாரத்துக்காக நானா பேசி வைத்த விளம்பரம். அழிக்கட்டுமா என்று நானாவிடம் கேட்டேன்.

"அதுல மட்டும் கைய வச்சிராதீங்க தம்பி. அப்படி ஒரு குரல் எனக்கு இன்னொரு தடவ வராது" என்றார்.

நாடாவைப் படிக்கிற ஹெட் என்பது ஒரு சின்ன இரும்புத் துண்டு. அது தன் பாதிக்கு நேராக நிற்க வேண்டும். மயிரிழை இறங்கினாலும் மறுபக்கத்துப் பேச்சு கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாக ஓடி, கூடவே கேட்கும். இந்த இயந்திரத்தில் ஹெட்டைத் தாங்கும் திருகு தேய்ந்து போயிருந்தது. புத்தியுள்ளவன் கொழும்புக்குச் சொல்லிப் புதுத் திருகு எடுப்பான். நான் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, மடித்து, ஹெட்டுக்கு அடியில் சொருகினேன். ஆடுகிற மேசைக்கும் ஒழுகுகிற வாளிக்கும் எங்கள் பக்கத்தில் அதுதான் வைத்தியம். போட்டுப் பார்த்தேன். மச்சான் குரல் மட்டும் சுத்தமாக வந்தது.

ஞாயிறன்று கோயில் முற்றத்தில் கூட்டம். ஃபாக்டரியிலிருந்து வயர் இழுத்து, மரத்தில் லவுட்ஸ்பீக்கர் கட்டினோம். ஒரு மேசையைச் சுற்றி வேட்டியைத் தொங்கவிட்டோம். மேசைக்கு மேல் வேலை செய்யாத மைக். அடியில் நானும் இயந்திரமும். மச்சான் வாயசைத்தார். குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. சனம் வாயைப் பிளந்தது.

ஈயம் மெத்தென்ற சாமான் என்று எனக்குத் தெரியும். இயந்திரத்துக்குள் பல்பு மாதிரி எரிகிற வால்வு சூடேறினால் பெட்டியே அடுப்பாகும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. ஈயத்தாள் நசுங்க நசுங்க ஹெட் கீழே உட்கார்ந்தது. "நம்ம கூரையில" என்ற மச்சான் குரலுக்குள் இன்னொருவர் வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது.

"இங்கிலீசுல பேசுறாருப்பா" என்றார் முன்னால் இருந்த ஒருவர், மரியாதையாக.

"இங்கிலீசாவது மண்ணாவது. சாமி வந்திருக்கு" என்றாள் ஒருத்தி.

பூசாரி விபூதித் தட்டோடு ஓடி வந்து மச்சானின் நெற்றியில் அப்பினார். அடியில் நான் பதறிப்போய், ஹெட்டைத் தூக்குகிறேன் என்று அழுத்தித் தொலைத்தேன். மச்சான் குரல் சுத்தமாகப் போய்விட்டது. நானா மட்டும் தலைகீழாக மலையெல்லாம் முழங்கினார்.

மச்சான் மேசையைச் சுற்றித் தொங்கிய வேட்டியை உருவினார். என் காலரைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"ஏன்டா, இத்துனூண்டு இரும்ப நேரா நிறுத்தத் தெரியல, ஒனக்கு எதுக்குடா ஸ்குரூடிரைவரு? அங்க எம்புள்ளைக ராத்திரி முழுக்கச் சட்டிய ஏந்திக்கிட்டு ஒக்காந்திருக்கு. ஒங்கக்கா ஈரப்பாயில படுத்து இருமுறா. ஒழுகாத வீடு இந்த லயத்துல ஒன்னு காட்டு பாப்போம். அதச் சொல்லத்தானடா படுபாவி ஒன்ன நம்பி வந்தேன்."

தொண்டை அடைக்கவே இல்லை. மைக்கும் வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தின் கீழ்ப் பிரிவு வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

கொழுந்தெடுக்கிற ஒரு அம்மா எழுந்து நின்று, "அண்ணே, தொரகிட்டயும் இப்பிடியே பேசுவீங்களா?" என்று கேட்டார்.

"பேசுவேன்" என்றார் மச்சான், என் காலரை விடாமல். முற்றம் முழுக்கக் கைகள் எழும்பின. எனக்கு மானம் போனது. ஆனாலும் அக்கா வீட்டுக்கு நல்லது நடந்ததே என்று சந்தோஷம்.

மறுநாள் காலையில் மச்சான் கடைக்கு வந்தார்.

"தொரையப் பாக்கப் போறோம். கெளம்பு மாப்ள."

"நான் எதுக்குங்க மச்சான்? நான் தோட்டத்து ஆளே இல்லையே."

"நீ ஒன்னும் பேச வேணாம். தொரைக்குப் பக்கத்துல நில்லு. ஒம் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குக் கோவம் வருது. கோவம் வந்தாத்தான் பேச்சு வருது."

போனேன். ஆபீஸ் ரேடியோவைப் பார்க்க வந்தவன் மாதிரி தொரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். மச்சான் என்னைப் பார்த்தே பேசி முடித்தார். அவ்வளவையும் நான் முகத்தில் வாங்கிக்கொண்டேன்.

பெருமழைக்கு முன்னால் தகரம் வந்து இறங்கியது. கூரை ஏறின பிறகு ஒரு மழை நாளில் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். காய்ந்த பாயில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மச்சான் என் எதிரில் உட்கார்ந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. மறுபடி எடுத்தார். கண் கலங்கியதே தவிர, ஒரு வார்த்தை வரவில்லை.

"திட்டியே சொல்லிருங்க மச்சான்" என்றேன்.

திட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.