கடைசிக் கொட்டகை

புருஷன் அழகர் காய்ச்சலில் போனதும் சீனியம்மா தேயிலைத் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு இறங்கினாள். பிள்ளை குட்டி இல்லை. பாமன்கடையில் அக்காள் முறையான மயிலம்மா வீட்டில் ஒண்டிக்கொண்டு, வெள்ளவத்தைக் கடலோரத்துப் பட்டாள முகாமில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். யுத்த காலம். தென்னந்தோப்புக்குள் கிடுகு வேய்ந்த நீளக் கொட்டகைகள். ரயில் பாதைக்கு அப்பால் கடல்.

நாற்பத்து நாலாம் ஆண்டு மாசியில் ஒரு காலை, முகாமின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்ட கொட்டாஞ்சேனை பேர்னாட் அவளைக் கூப்பிட்டார்.

"சீனியம்மா, கடைசிக் கொட்டகையை ஆயத்தப்படுத்து. ஆபிரிக்கப் பட்டாளம் ஒண்டு கப்பலிலை வருகுது."

"எத்தன பேருங்க ஐயா?"

"கட்டில் எல்லாம் நிறையும்."

அன்றைக்கே எல்லாக் கட்டில்களுக்கும் விரிப்புப் போட்டுத் தலையணை வைத்தாள். மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கப்பலைப் பற்றிக் கேட்பதே குற்றம் என்றிருந்த காலம். "தட்டி விரிச்சு வை" என்று மட்டும் சொல்வார் பேர்னாட். அவள் தட்டி விரித்தாள்.

ஒரு காலை தலையணைகளைத் தட்டப் போனவளுக்குக் கை ஈரமானது. அடுத்ததும் ஈரம். வரிசை முழுக்க, தலை வைக்கிற இடம் மட்டும் வட்டமாக நனைந்திருந்தது. கூரையைப் பார்த்தாள், மழை பெய்து வாரக்கணக்காகிறது. விரலை நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

"கடல் காத்துத்தான்" என்றார் பேர்னாட். கடல் பக்கத்து ஓலைத் தட்டிகளை முந்திய நாளே அவள்தான் இறக்கிக் கட்டியிருந்தாள். அவிழ்ந்திருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். கட்டு கட்டியபடியே இருந்தது.

வெயிலில் காயப் போட்டாள். அடுத்த நாளும் நனைந்திருந்தது. அதன் பிறகு அந்தக் கொட்டகைக்குள் போகும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு போகப் பழகினாள், ஆட்கள் தூங்குகிற இடத்துக்குள் நுழைகிற மாதிரி.

பிறகு ஒரு பகலில் லொறி ஒன்று வந்து நின்றது. ஏழெட்டுப் பேர்தான் இறங்கினார்கள். கறுத்து உயர்ந்த ஆட்கள்; பொருந்தாத சட்டை, காலில் பூட்ஸ் இல்லை. கொட்டகை வாசலில் வந்து கட்டில்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் மட்டும் உள்ளே போனான். முதல் கட்டிலைத் தொட்டு ஏதோ சொன்னான். அடுத்ததைத் தொட்டு வேறொன்று சொன்னான். அவன் பாஷை சீனியம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் அவை பெயர்கள் என்று விளங்கியது. நடுவில் ஒரு கட்டிலில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, பேசாமல் அதைத் தாண்டிப் போனான். கடைசிக் கட்டில் வரை சொல்லி முடித்தான். வாசலில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஒருவரும் கட்டிலில் படுக்கவில்லை. வெளியே தென்னை நிழலில் மணலில் படுத்துக்கொண்டார்கள்.

சீனியம்மா பேர்னாட்டிடம் போனாள். "மத்தவங்கல்லாம் செத்துட்டாங்களா ஐயா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கப்பல் குண்டு பட்டுக் கடலுக்கை தாண்டு போச்சு. நீ முதல் விரிச்சியே, அதுக்கு அடுத்த நாள். எனக்கும் நேற்றுத்தான் தெரியும்."

"தலகாணி நனைஞ்சதுக்குக் காத்துன்னு சொன்னீங்க."

பேர்னாட் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தக் கொட்டகைப் பக்கம் பிறகு அவர் போகவேயில்லை.

அடுத்த வாரம் வேறொரு படை வரப்போகிறது, விரிப்பெல்லாம் மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. சலவைக்காரரிடம் கொடுக்க அவளுக்கு மனமில்லை. கிணற்றடியில் ஒவ்வொன்றாகத் தானே அலசிக் காயப்போட்டாள். மாதம் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு நூல் ஆலையில் சேர்ந்தாள்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு அழகரை நினைத்துக் கடற்கரைக்குப் போனாள். அவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் யாருக்கு அம்மா?" என்று கேட்டார் ஐயர்.

"கடல்ல போனவங்களுக்குங்க."

"பேர் சொல்லுங்கோ."

"ஒருத்தர் சொல்லக் கேட்டேன் சாமி. காதுல நிக்கல."

"எத்தனை பேர்?"

"ஒரு கொட்டகை நெறையங்க" என்றாள்.

ஐயர் பெயர் சொல்லாமலே எள்ளை எடுத்து அவள் கையில் வைத்தார். ஆலைச் சங்கு ஊதும் வரைக்கும் அவள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.